கிணறு அளந்த கிழமை

நாலாம் வகுப்பில் என்னோடு வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் இதைப் படிப்பீர்களோ தெரியாது. உங்களில் சிலருக்குக் கண்ணில் வில்லை வைத்தாயிற்று. சிலர் பனி கொட்டுகிற நாடுகளில் பேரப்பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் இன்னும் நெல்லியடிச் சந்தைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறேன். முழங்கால் விடுகிற நாட்களில் நடை, விடாத நாட்களில் ஓட்டோ. போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தைக் கடந்து போனபோது, நாலாம் வகுப்பு இருந்த அறைக்குள் பிள்ளைகள் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை மணம் வீதி வரைக்கும் வந்தது. பயிற்சி ரீச்சர் வந்த அந்த ஒரு கிழமை எனக்கு அப்படித்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் வகுப்பு ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்கு லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாகத் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஒரு கிழமைக்கு, ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஒருவரை அனுப்பினார்கள். வெள்ளைச் சேலை, ஒற்றைப் பின்னல், கையில் பன்புல்லால் இழைத்த ஒரு பை. வயது இருபத்திரண்டுக்கு மேல் இருக்காது. எங்களுக்கு அது தெரியவில்லை; ரீச்சர் என்றால் ரீச்சர். வெள்ளிக்கிழமை கலாசாலையிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து, அவர் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போடுவார் என்பதும், பெரிய வாத்தியாரும் அவரைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய வாத்தியாரை மறந்திருக்க மாட்டீர்கள். மிஷன் காலத்தில் வந்தவர். பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்த பிறகும் காலையில் ஒரு ஜெபம் சொல்லித்தான் நாளைத் தொடங்குவார். விபூதி பூசிய நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நிற்போம். பொய் என்ற ஒன்றைத்தான் அவரால் பொறுக்க முடியாது. கணக்குப் பிழைத்தால் திட்டுவார், பொய் என்றால் முழந்தாளில் விடுவார்.

திங்கட்கிழமை பயிற்சி ரீச்சர் முதலில் செய்தது வாங்குகளை எல்லாம் சுவரோடு தள்ளச் சொன்னதுதான். முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து தள்ளிய சத்தத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு ரீச்சர் எங்களை நிலத்தில் வட்டமாக இருத்தினார்.

"இந்தக் கிழமை புத்தகத்தைப் பாத்து எழுதுற வேலை இல்லை. நாங்களே பாத்து, கேட்டு, அளந்து எழுதப்போறம்," என்றார்.

கண்ணை மூடச் சொன்னார். என்னென்ன சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். காகம், சைக்கிள் மணி, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின், பெரிய வாத்தியாரின் இருமல். எல்லாரும் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தி மட்டும் "கடல்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. கடல் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றரை மைல் கட்டைக்கு மேல்.

"இஞ்சை இருந்து கடல் கேக்குமோ?" என்று ரீச்சரும் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"சோளகக் காத்து விட்டு விட்டுத்தானே வீசுது, ரீச்சர். அது நிக்கேக்கை கேக்குது," என்றாள் அவள்.

அவளை நாங்கள் கடற்கரைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டோம். ரீச்சர்மாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பெயர் இருந்தது, வரவு இடாப்பிலும் இருந்தது. வகுப்பில் கரையிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். கடைசி வாங்கின் தொங்கல் முனையில் இருப்பாள். அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இடைவெளி இருந்ததை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. இப்போது நினைக்கும்போது அந்த இடைவெளிதான் முதலில் தெரிகிறது.

அன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ரீச்சர் பன்பையிலிருந்து ஒரு பெரிய பந்து தும்புக் கயிறு எடுத்தார். நாங்களே ஆளுக்கொரு துண்டு வெட்டி, அடிமட்டம் வைத்து அளந்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். கயிற்றின் நுனியில் ஒரு கல். வீட்டுக் கிணற்றுக் கட்டிலிருந்து கயிற்றை இறக்க வேண்டும். கல் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டதும் நிறுத்தி, எத்தனை முடிச்சு, மிச்சம் எத்தனை விரல் என்று கொப்பியில் எழுத வேண்டும். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். ஒரு கிழமையில் கிணறு எவ்வளவு வற்றுகிறது என்று பார்க்கப்போகிறோம். புதுத் தும்பின் சுணை உள்ளங்கையில் அன்று முழுவதும் கடித்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

கிணற்றுக் கட்டில் வயிற்றை வைத்துக் குனிந்து கயிற்றை இரண்டு முடிச்சு இறக்கியிருப்பேன். அம்மா குசினியிலிருந்து கண்டுவிட்டார்.

"கிணத்துக்கை என்ன பாக்கிறாய்? இறங்கு கீழை."

"ரீச்சர் அளக்கச் சொன்னவ, அம்மா."

"உன்ரை ரீச்சர் வந்து தூக்குவாவோ நீ விழுந்தால்?"

கயிற்றை வாங்கிக் கல்லை அவிழ்த்து எறிந்தார். அடுத்த நாள் அந்தக் கயிற்றில் அப்பாவின் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல கயிறு, வீணாக்குவானேன் என்று அம்மா நினைத்திருப்பார்.

நான் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு அண்ணை வந்தார். அவர் அப்போது நெல்லியடியில் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் படிப்பு விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"இதுக்கேன் அழுறாய்? எங்கடை கிணறு பதினெட்டு முடிச்சு வரும். நாளுக்கு ஒரு விரல் குறையுது எண்டு எழுது. ஆர் வந்து பாக்கப்போயினம்?"

எழுதினேன். பதினெட்டு முடிச்சு. பதினெட்டு முடிச்சு ஒரு விரல். அழகான எழுத்தில், கோடு போட்டு. உங்களில் எத்தனை பேர் உண்மையாக அளந்தீர்கள் என்று இந்த வயதில் நான் கேட்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை முற்றத்து மணலில் தடி நட்டு அதன் நிழலை மணிக்கொரு தரம் கல் வைத்துக் குறித்தோம். கல்லுக்காக இரண்டு பெடியன்கள் தங்களுக்குள் அடிபட்டார்கள். ஒருவனுக்குப் பல் ஆடியது, அது எப்படியும் விழ வேண்டிய பல்தான். மத்தியானம் இலைகளைக் கொப்பியில் வைத்து மேலே பென்சிலால் தேய்த்து நரம்பு எடுத்தோம். பலா இலையில் நன்றாக வந்தது. வேப்பிலையில் வரவே இல்லை. இடைவேளையில் பணிஸ் ரொட்டியும் கரைத்த பால்மாவும் கிடைத்தன. அந்தப் பாலின் அடியில் தங்கும் கட்டிகளை விரலால் வழித்துத் தின்ற ருசியை எந்த மாவிலும் நான் பிறகு காணவில்லை.

புதன்கிழமை காலை, கொப்பிகளைப் பார்க்கத் தொடங்கினார் ரீச்சர். என்னுடையதைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ, எவ்வளவு ஒழுங்காய் எழுதியிருக்கிறா. இப்பிடித்தான் இருக்கோணும்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பீர்கள்.

கடற்கரைப் பிள்ளையின் கொப்பிக்கு வந்ததும் ரீச்சரின் நெற்றி சுருங்கியது. அவள் கொப்பியில் காலையும் பின்னேரமும் போக, படுக்கப்போகமுன், விடியமுன் என்று இன்னும் இரண்டு மூன்று தரம் அளந்து எழுதியிருந்தாள். பத்து முடிச்சு. பத்து முடிச்சு நாலு விரல். பத்து முடிச்சு ஒரு விரல். திரும்ப நாலு விரல்.

"திங்கள் படுக்கப்போகேக்கை பத்து முடிச்சு. விடிய நாலு விரல் குறைஞ்சிருக்கு. ராத்திரி ஆர் தண்ணி அள்ளினது?"

"ஒருத்தரும் அள்ளேல்லை, ரீச்சர்."

"பிறகு எப்பிடிக் குறைஞ்சது?"

"தானாய்க் குறைஞ்சது. பிறகு தானாய் ஏறினது."

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். மற்றவர்களை விடக் கூடவே சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் வந்தார். கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"மழை பெய்ததோ?"

"இல்லை, சேர்."

"தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சியளோ?"

"இல்லை, சேர். கடல் பெருகேக்கை கிணறும் ஏறுது. கடல் வத்தேக்கை இறங்குது."

"உங்கடை கிணறு உப்போ?"

"இல்லை, சேர். குடிக்கிற தண்ணி."

"கடல் உப்பு. கிணறு நல்ல தண்ணி. அப்ப கடலுக்கும் கிணத்துக்கும் என்ன தொடுசல்?"

நிலத்துக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லையும், அதன் துவாரங்களில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதப்பதையும் ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சொல்வாள்? பெரிய வாத்தியாருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வராததைப் பொய் என்று எடுத்ததுதான் பிழை.

"அளக்காமல் விட்டால் அளக்கேல்லை எண்டு சொல்லோணும். கதை கட்டக் கூடாது," என்றார்.

இடைவேளை மணி வரைக்கும் அவள் வாசலடியில் முழந்தாளில் நின்றாள். பயிற்சி ரீச்சர் கரும்பலகை வெண்கட்டியை இரண்டாக முறித்துக்கொண்டிருந்தார். அவள் எழும்பி வந்தபோது முழங்காலில் குறுமணல் பதிந்திருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

பெரிய வாத்தியார் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: கடற்கரைப் பிள்ளை என் கொப்பியைப் பார்த்து, அளவுகள் எப்படி இருக்க வேண்டும் என்று படித்து, தன்னுடையதைத் திருத்தி எழுத வேண்டும். அதனால் வியாழக்கிழமை காலை அவளை என் பக்கத்தில் இருத்தினார்கள். அவள் என் கொப்பியை மெல்லப் புரட்டினாள். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு போனாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நீ அளக்கேல்லை, என்ன?"

எனக்குக் காது சூடானது. "ஆர் சொன்னது?"

"செவ்வாய்க்கிழமை நான் வாறேக்கை உங்கடை தோட்டத்திலை மிசின் ஓடினது. இறைச்ச அண்டைக்கும் ஒரு விரல்தானோ குறைஞ்சது?"

அவள் கையை உயர்த்தி ரீச்சரைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவைத்தாள். தன்னுடையதில் ஒன்றையும் மாற்றவில்லை.

"திருத்தாட்டில் உன்ரை கோடு இதிலை வராது," என்றார் ரீச்சர். மேசையில் பெரிய பிறிஸ்ரல் மட்டை விரித்திருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு நிறத்தில்.

"வராட்டில் பரவாயில்லை, ரீச்சர்."

என் கோடு சிவப்பு. படிக்கட்டு மாதிரி ஒரே அளவாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் வந்தார். மெலிந்த மனிதர், சைக்கிளில் வந்த காற்சட்டைக் கிளிப்பைக் கழற்ற மறந்து அதோடேயே வகுப்புக்குள் நடந்தார். படத்தை விளக்க என்னைத்தான் விட்டார்கள். பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் என் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கிணத்திலை தோட்டத்துக்கு இறைக்கிறவையோ, பிள்ளை?"

"ஓம், சேர். அப்பா இறைக்கிறவர்."

"எத்தினை நாளைக்கு ஒருக்கா?"

"மூண்டு நாளைக்கு ஒருக்கா, சேர்."

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படத்தில் கோடுகளை எண்ணினார். முப்பத்தொன்று. இடாப்பில் முப்பத்திரண்டு.

"ஒண்டு குறையுதே?"

"ஒரு பிள்ளையின்ரை அளவு சரிவரேல்லை," என்றார் பெரிய வாத்தியார்.

"அந்தப் பிள்ளையை ஒருக்காக் காணலாமோ?"

அவள் வகுப்பில் இருக்கவில்லை. விருந்தாளிக்குத் தேத்தண்ணி வைக்கத் தண்ணீர் அள்ளிக்கொடுக்கும்படி காலையிலேயே அவளை அனுப்பியிருந்தார்கள். விரிவுரையாளருக்கு மற்றப் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியிருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நான் வகுப்பில் நின்றேன். பயிற்சி ரீச்சர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நான் கிணறு அளக்கேல்லை. அண்ணை சொன்னதை எழுதினனான்."

அவர் கழற்றிய குண்டூசியை மேசையில் வைத்தார். "ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் நல்லாய் இருக்கெண்டு சொன்னியள்."

அவர் வாங்கில் இருந்தார். பிறகு, தண்ணீர் வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் புத்தகம் எடுக்க வந்த கடற்கரைப் பிள்ளையிடம் கேட்டார்: "உங்கடை கிணத்தைக் காட்டுவியோ?"

நெல்லியடியிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த அண்ணையிடம் வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு நானும் போனேன். மூன்று பேரும் பனங்கூடலுக்குள்ளால் நடந்தோம். ரீச்சரின் செருப்புக்குள் மணல் புகுந்து புகுந்து, கடைசியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்கள் வீடு கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். அவளுடைய அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். என்ன குற்றத்துக்கு வந்திருக்கிறோம் என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது.

சின்னக் கிணறு. உட்சுவரில், இறங்கு படியில் நின்று அவள் கரியால் கோடுகள் கீறியிருந்தாள். தண்ணீர் ஒரு கோட்டுக்குக் கீழே நின்றது. நாங்கள் இருந்து பார்த்தோம். தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. தண்ணீரில் மெல்லிய உப்புச் சவர் இருந்தது, கெட்டதென்று சொல்ல முடியாது. ஒருவரும் அள்ளவில்லை. மழை இல்லை. வெயில் தாழத் தொடங்கிய நேரம் கரிக்கோடு நனைந்தது. கொஞ்ச நேரத்தில் அது தண்ணீருக்குள் போய்விட்டது. ரீச்சர் கயிற்றை இறக்கித் தானே அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"உது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, ரீச்சர்," என்றார் அந்த அம்மா. "கடல் வத்துப்பெருக்கு எப்பிடியெண்டு நாங்கள் முத்தத்துக் கிணத்தைப் பாத்தே அறிவம்."

"பெரிய வாத்தியார் இதை நம்புவரோ தெரியாது," என்றார் ரீச்சர்.

"நாங்கள் சொன்னால் நம்பார். நீங்கள் சொன்னால் நம்புவர்."

நாளைக்குப் போகமுன் பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று ரீச்சர் சொன்னார். சொல்லும்போது பிள்ளையின் தலையில் கையை வைத்தார். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. அந்தக் கரையோர வீடுகளையும் பின்னாளில் காணக் கிடைக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொரு திக்காகப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை படம் பெரிய வாத்தியாரின் அறைச் சுவரில் தொங்கியது. முப்பத்தொரு கோடு. என் சிவப்புக் கோடு யன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் பாடம் முடிந்ததும் நான் அறை வாசலில் போய் நின்றேன். சொல்லிவிட்டேன். நான் அளக்கவில்லை, எல்லாம் பொய் என்று. முழந்தாளில் நிற்கத் தயாராகத்தான் போனேன்.

பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் இளகியதை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

"கேளாமல் வந்து உண்மை சொல்லியிருக்கிறாய். இது பெரிய காரியம், பிள்ளை," என்றார். மேசை லாச்சியைத் திறந்து, தீட்டாத புதுப் பென்சில் ஒன்று எடுத்துத் தந்தார். படத்தைக் கழற்றவில்லை.

இடைவேளையில் பணிஸோடு இருந்த கடற்கரைப் பிள்ளையிடம் ஓடினேன். பென்சிலைக் காட்டினேன்.

"பெரிய வாத்தியாருக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"நான் அளக்கேல்லை எண்டு."

அவள் பென்சிலைப் பார்த்தாள். "என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

நான் அவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. கிணற்றைக் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை. ரீச்சர் அளந்ததைச் சொல்லவில்லை. எனக்குப் பாரம் இறங்கியதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு பணிஸைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினாள்.

அடுத்த நாள் திரும்பவும் போனேன். இந்த முறை வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"கடற்கரைப் பிள்ளை அளந்தது சரி, சேர். நான் கண்டனான். ரீச்சரும் கண்டவ."

பெரிய வாத்தியார் எழுதுவதை நிறுத்தினார். "ரீச்சர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

தன்னைப் பற்றிய அறிக்கை எழுதப்போகிறவரிடம், நீங்கள் பிழை விட்டீர்கள் என்று ஒரு பயிற்சி ரீச்சர் எப்படிச் சொல்வது? இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு அவளைக் கூட்டிவரச் சொன்னார். அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீ அளந்தது சரியாம், பிள்ளை."

"ஓம், சேர்."

"அப்ப சரி. நல்லது. போங்கோ."

அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பெரிய ஆட்களிடம் அதற்குமேல் ஒரு மன்னிப்பு இருக்கவில்லை.

விறாந்தையால் வகுப்புக்குத் திரும்பி நடந்தோம். பாதித் தூரத்தில் அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நேற்றைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம்," என்றேன்.

குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு பாதியில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எங்கள் எங்கள் வாங்கில் போய் இருந்து, நடுவிலிருந்து சொல்லத் தொடங்கினோம்.